நிற்காத மெஷின்

ஒரு பல்லுக்கு மூன்று இழுப்பு, அதற்கு மேல் அரம் படக்கூடாது. மேசையில் இறுக்கியிருந்த ரம்பச் செயினை அவள் அப்படித்தான் பல் பல்லாகத் தீட்டிக்கொண்டு வந்தாள். சாலையோர மரங்களை அறுக்கும் கம்பெனியில் ரம்ப மெஷின்களைத் தீட்டுவதும் பழுது பார்ப்பதும் ஆறு வருடமாக அவள் வேலை. எதிர்ச்சுவரில் ஒரு தாள் தொங்கியது. நீல மெஷின், ஆரஞ்சு மெஷின் என்று இரண்டே கட்டங்கள். எது எத்தனை தடவை நின்றது என்று தினமும் கோடு போட வேண்டும். ஒரு மாதம் பார்த்துவிட்டு, குறைவாக நின்ற ரகத்தில் பன்னிரண்டு வாங்குவார்கள்.

இரண்டும் நடுத்தர அளவு, நாள் முழுக்கத் தூக்கித் திரியத் தோதானவை. அவற்றுக்குப் பெயர் வைத்தது அங்கேயே மரம் அறுக்கும் அவள் கொழுந்தன். எந்நேரமும் உறுமிக்கொண்டிருந்த நீலத்துக்கு மாமியார். ஆரஞ்சுக்கு மாப்பிள்ளை.

"முகம் கொஞ்சம் கோணினா போதும் அண்ணி, வேலைய நிறுத்திட்டு உக்காந்துக்குது" என்றான்.

முதல் வாரத்தில் மாமியாருக்கு நான்கு கோடு, மாப்பிள்ளைக்குப் பதினொன்று. பதினொன்றும் பிரேக்கால் வந்தவை. கைப்பிடிக்கு முன்னால் ஒரு கறுப்புத் தகடு உண்டு. மெஷின் எகிறி ஆள்மேல் பாய்ந்தால் தகடு முன்னால் சாயும், உள்ளே ஒரு ஸ்பிரிங் பட்டையை இறுக்கும், கண்மூடித் திறப்பதற்குள் செயின் நின்றுவிடும். ஆரஞ்சில் அந்தத் தகடு பெரிய ரோஷக்காரத் தகடு. சின்னக் கிளை தட்டினாலும் சாய்ந்துவிடும்.

வாரம் முடிந்த அன்று சாப்பாட்டு நேரத்தில் கொழுந்தன் பட்டறைக்கு வந்து இரண்டு கையையும் நீட்டினான். விரல்கள் நுனி வரை மெழுகாக வெளுத்திருந்தன.

"தொட்டுப் பாருங்க. நீங்க தொடுறதே எனக்குத் தெரியல. நீலம் குடுக்கிற உதறல் அப்படி. நேத்து பாப்பாவுக்குச் சட்டை மாட்டுறேன், பட்டன் கையில இருக்கா இல்லையான்னே தெரியல. புள்ள என்னைப் பார்த்துச் சிரிக்குது."

"டாக்டர்கிட்ட போனியா?"

"போனேன். வேலைய மாத்துங்கிறாரு. அவருக்கென்ன, வாய் சும்மா கிடக்குது." குரலைத் தாழ்த்தினான். "பன்னெண்டும் நீலமா வந்தா என் கை போச்சு. ஆரஞ்சுல உதறலே கிடையாது. அந்த ஸ்பிரிங்க மட்டும் கழட்டி வைங்க அண்ணி. சோதனை முடியுற வரைக்கும்தான்."

"எகிறினா என்னடா பண்ணுவ? கழுத்துக்கும் அதுக்கும் ஒரு முழம்."

"எகிற விட்டாத்தானே? பதினாலு வருஷக் கை இது."

அவள் வாய்க்கு வந்தபடி திட்டினாள். திட்டிக்கொண்டேதான் மூடியைக் கழற்றினாள். சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத அந்த ஸ்பிரிங்கை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினாள்.

மீதி நாட்களில் ஆரஞ்சு ஒருமுறைகூட நிற்கவில்லை; நீலத்தின் கோடுகள் பதினாறைத் தொட்டன. சோதனை முடியும்வரை மாலையில் லாரி வரும் சத்தம் கேட்டால், அவள் வாசலுக்குப் போய்க் கொழுந்தனின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் மறு வேலை. மாதம் முடிந்ததும் முதல் காரியமாக ஸ்பிரிங்கை மாட்டினாள். இரண்டு மெஷின்களும் சோதனைக்குக் கொடுத்த கடைக்காரனிடம் திரும்பிப் போயின. அப்பாடா என்றிருந்தது.

பன்னிரண்டு ஆரஞ்சு மெஷின்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. வெளியே போன முதல் நாளே எல்லாம் சேர்த்து நாற்பது தடவை நின்றன. மாலையில் சூப்பர்வைசர் வந்தார்.

"ஏம்மா, சோதனை மெஷின் மூணு வாரம் நிக்காம ஓடுச்சு. இதுக்கெல்லாம் என்ன கேடு? அது எப்படி இருந்துச்சோ அப்படியே எல்லாத்தையும் வை."

அவள் அரத்தைக் கீழே வைத்தாள். "அதுல பிரேக் ஸ்பிரிங் இல்ல சார். நான்தான் கழட்டுனேன். தப்புதான். அந்தச் சோதனை செல்லாது சார், மேல சொல்லிடுங்க."

அவர் வாசல் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை.

"நிக்காத மெஷின்னு நான் எழுதிக் குடுத்து, மேல கையெழுத்தும் ஆயிடுச்சு. ஸ்பிரிங்கப் பத்தி நீ சொன்னது என் காதுல விழல. எனக்கு நிக்காம ஓடணும், அவ்வளவுதான். முடியாதுன்னா சொல்லு, வேற ஆள் பார்க்கிறேன். உன் கொழுந்தனுக்கும் சேர்த்து."

மறுநாள் காலையில் அவர் ஒரு புதுத் தாளைக் கொண்டுவந்து வைத்தார். பன்னிரண்டு மெஷின் நம்பர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே 'பிரேக் சரிபார்க்கப்பட்டது', பக்கத்தில் கையெழுத்துக்கு இடம். கையெழுத்துப் போட வேண்டியவள் அவள். பதினோரு மெஷினைத் திறந்தாள், பதினோரு கையெழுத்துப் போட்டாள். ஆட்களிடம், தகட்டை நம்பாதீர்கள் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். ஓடுகிற மெஷின் கிடைத்த சந்தோஷத்தில் அவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். கொழுந்தனின் மெஷினை மட்டும் திறக்காமலே கொடுத்து அனுப்பினாள்.

மதியம் அவன் திரும்பி வந்துவிட்டான். பின்னாலேயே சூப்பர்வைசரும் வந்தார்.

"என்னுது மட்டும் ஏன் அண்ணி நிக்குது? காலையிலேர்ந்து ஏழு தடவை. எல்லாரும் அடுத்த மரத்துக்குப் போயாச்சு. இன்னும் ஒரு தடவை நின்னா நாளைக்கு வர வேணாங்கிறாரு."

அவள் மெஷினை வாங்கி மேசையில் வைத்தாள். அவன் பேச்சை மாற்றுவதுபோலக் கையை நீட்டினான். "இதப் பாருங்க, விரல்ல ரத்தம் ஓட ஆரம்பிச்சிருச்சு. நேத்து பாப்பாவுக்கு நாலு பட்டனும் நானே போட்டேன்."

விரல் நுனிகள் சிவந்திருந்தன. தொட்டுப் பார்த்தாள், சூடாக இருந்தன.

சூப்பர்வைசர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவள் மூடியைத் திறந்தாள். பன்னிரண்டாவது ஸ்பிரிங் டப்பாவுக்குள் விழுந்தது. கடைசி வரியிலும் கையெழுத்துப் போட்டாள். கொழுந்தன் கயிற்றை இழுத்தான், ஒரே இழுப்பில் மெஷின் கிளம்பியது. அவன் முடுக்கிப் பார்க்கும்போது, அவள் பழக்கத்தில் எட்டிக் கறுப்புத் தகட்டை முன்னால் தள்ளினாள். தகடு சாய்ந்தது. செயின் ஓடிக்கொண்டே இருந்தது.

"இப்பத்தான் மாப்பிள்ளை" என்று சிரித்தபடி அவன் மெஷினைத் தோளில் ஏற்றிக்கொண்டு லாரிக்கு நடந்தான். சூப்பர்வைசர் தாளை எடுத்து, அவள் கையெழுத்தின் மேல் மை காய இரண்டு முறை ஊதினார். பிறகு அதைப் பத்திரமாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.