பலகை இல்லாத படம்

அம்மா உயரப் பலகையிலிருந்து தலைகீழாகக் குதித்ததை நான் படம் எடுத்தேன். நீலத் தொப்பி, தண்ணீர்க் கண்ணாடி, கணுக்கால்வரை மூடிய நீச்சலுடை. கைகளை நீட்டி, கால்களை ஒட்டி, பலகைக்கும் தண்ணீருக்கும் நடுவில் அம்மா. நீச்சல் கற்றுக்கொடுக்கும் அக்கா என் கேமராவை எட்டிப் பார்த்துவிட்டு, ஐம்பது வயதில் இப்படிக் குதித்த ஆளைத் தான் கண்டதில்லை என்றார். அம்மா மூச்சு வாங்கியபடியே, "ஐம்பத்திரண்டு" என்று திருத்தினாள்.

நான் தண்ணீர் பரிசோதிக்கும் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். வாராவாரம் அந்த நீச்சல் குளத்துத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வருவது என் பொறுப்பு. ஒருமுறை துணைக்கு வந்த அம்மா கரையில் உட்கார்ந்து பாதத்தை நனைத்தாள். மறுமுறை முழங்கால் நனைந்தது. பிறகு நான் போகாத நாட்களிலும் அவள் போக ஆரம்பித்தாள்.

அப்பாவுக்கு இது தெரியும். மாமாவுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது.

மாமா அம்மாவின் அண்ணன். தெருமுனையில் போட்டோ கடை வைத்திருக்கிறார். அம்மா சிறுமியாக இருந்தபோது தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்துவிட்டாள். மாமாதான் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினார். அன்றிலிருந்து அம்மாவும் தண்ணீரும் ஒரே இடத்தில் இருப்பது அவருக்கு ஆகாது. படகில் ஏற விடமாட்டார். கடற்கரைக்குப் போனால் அம்மாவின் கைப்பை வாரைப் பிடித்துக்கொண்டே நிற்பார். மழை வலுத்தால் போன் வரும்: "பாப்பா, உள்ளதானே இருக்கே?" பாப்பாவுக்குத் தலை நரைத்த விஷயம் இன்னும் அவர் மண்டையில் ஏறவில்லை.

அவருக்குத் தெரிந்தால் குளத்தை மூடச் சொல்லி மனுப் போட்டுவிடுவார் என்று அம்மா சிரிப்பாள். அவள் உண்மையில் பயந்தது வேறு. மாமா திட்டினால் அவள் திருப்பித் திட்டிவிடுவாள். அவர் திட்டமாட்டார். தினமும் கரையில் வந்து நின்று கையைப் பிசைவார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அவளால் குதிக்க முடியாது.

ஆனால் அந்தப் படம் அவளுக்கு வேண்டும். போனில் இருந்தால் போதாது. பெரிதாக, படுக்கையறைச் சுவரில் வேண்டும். மாமா எங்கள் வீட்டுக்கு வந்தால் கூடத்தைத் தாண்டமாட்டார், அதனால் சுவரைப் பற்றிக் கவலையில்லை. பிரிண்ட் எங்கே போடுவது என்பதுதான் கவலை. மாமா கடையில் கொடுக்க முடியாது. பிடித்த படத்தை யாரையும் கேட்காமல் முகப்புக் கண்ணாடியில் மாட்டிவிடும் பழக்கமும் அவருக்கு உண்டு. வேறு கடைக்குப் போகலாமென்றால், அந்தத் தொழிலில் ஒருவருக்கொருவர் தெரியாதவர் கிடையாது. தங்கை வீட்டுப் படம் இன்னொருவன் கடைக்குப் போனதென்று காதில் விழுந்தால் குளத்தைவிட ஆழமான சண்டை வரும்.

அப்பாவுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. அவர் ஒரு கலர் பிரிண்டர் வாங்கி வைத்திருந்தார். மச்சான் கடையில் போட்டால் அது மச்சான் படம், வீட்டில் போட்டால்தான் நம் படம் என்பது அவர் கொள்கை. அதுவரை அந்த பிரிண்டர் மின்சார ரசீதைத் தவிர வேறெதையும் கண்டதில்லை.

அதில் சாதாரணத் தாள் அளவுக்குத்தான் போட முடியும். எனவே படத்தை நான்காக வெட்டி, நான்கு போட்டோ தாள்களில் போட்டு ஒட்டுவதென்று முடிவானது. முதல் தாளில் தண்ணீர் ரோஸ் நிறத்தில் வந்தது. அப்பா அசரவில்லை. "சாயங்காலத் தண்ணி அப்படித்தான் இருக்கும்" என்றார். காலையில் எடுத்த படம் என்று நான் நினைவுபடுத்தினேன். அப்படியானால் விடியற்காலைத் தண்ணி என்றார்.

சோதனைத் தாள் ஒன்று ஓட்டிப் பார்த்தேன். நீலக் கோடுகள் விட்டுவிட்டு வந்தன. மை வரும் துளை அடைத்திருந்தது. பிரிண்டரைத் தன்னையே சுத்தம் செய்துகொள்ளச் சொன்னோம். அது அரை டப்பா மையைக் குடித்துவிட்டுச் சுத்தமானது. அடுத்த தாளை அப்பா பின்பக்கமாக வைத்துவிட்டார். மை காயாமல் முத்து முத்தாக நின்றது. அப்பா விசிறினார், ஊதினார், பிறகு முடி உலர்த்தும் கருவியைக் கொண்டுவந்தார். நான் விரல் நுனியை லேசாக நனைத்து ஒவ்வொரு தாளின் மூலையையும் தொட்டு, ஒட்டும் பக்கம்தான் மை ஏற்கும் பக்கம் என்று குறித்துக் கொடுத்தேன். அப்படியும் ஒவ்வொரு தாளிலும் வெள்ளை விளிம்பு விழுந்தது. நான்கையும் சேர்த்தால் அம்மா ஜன்னல் கம்பிக்குப் பின்னால் குதிப்பது போலிருந்தது. ஸ்கேல் வைத்து பிளேடால் விளிம்பை அறுத்தோம்.

சாயங்காலம் படம் அட்டையில் ஏறியது. இடுப்பில் மட்டும் ஒரு மயிரிழை விலகல்.

"இடுப்பு பிடிச்சுக்கிட்டே குதிச்சிருக்கேன்" என்றாள் அம்மா. ஆனாலும் அன்று தூங்கும்வரை ஏதாவது ஒரு சாக்குச் சொல்லிப் படுக்கையறைக்குள் போய்க்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை எங்கள் இருவரையும் கூப்பிட்டாள். வீட்டிலுள்ள எல்லாப் படங்களையும் அம்மா ஈரத்துணியால்தான் துடைப்பாள். அவை கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும். இது வெறும் தாள். நீலம் வழிந்து அட்டையின் கீழே சொட்டிக்கொண்டிருந்தது. அம்மாவின் கால்கள் கரைந்து ஒரே காலாகியிருந்தன.

"தண்ணி நிஜத் தண்ணியாவே ஆயிடுச்சு" என்றார் அப்பா. யாரும் சிரிக்கவில்லை. அந்த மை தண்ணீரில் கரையும் சாயம், கடைப் படம் இப்படிக் கரையாது என்று நான் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம். அப்பா பிரிண்டர் மேல் துணியைப் போட்டு மூடினார்.

அம்மா கையிலிருந்த நீலத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் கேமராவை வாங்கி, படத்தை உற்றுப் பார்த்தாள். "இதுல என் முகம் எங்க தெரியுது?" என்றாள்.

தெரியவில்லைதான். தொப்பி, கண்ணாடி, போதாததற்குத் தலைகீழ்.

மாமா கேட்டால் குளத்தில் எடுத்த படம் என்று மட்டும் சொல்லச் சொன்னாள். அதில் பொய் ஒன்றும் இல்லையாம். எனக்குச் சாதாரணமாகவே நாலு பேரிடம் பேச வராது. பொய்க்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பேசுவது அதைவிடக் கஷ்டம். ஆனால் அவள் கையில் அந்தத் துணி இருந்தது. போனேன்.

மாமா என்னை "வா விஞ்ஞானி" என்று ஸ்டூலில் உட்காரவைத்தார். படத்தைத் திரையில் திறந்து, விரல்கள் தெரியும்வரை பெரிதாக்கிப் பார்த்தார்.

"யாரும்மா இந்தப் பொண்ணு?"

"குளத்துக்கு வர்றவங்க, மாமா."

"பயம்னா என்னன்னே தெரியாது போல. பாரு, ஒரு விரல்கூட மடங்கல." பிறகு குரலைத் தாழ்த்தினார். "பாப்பாகிட்ட மட்டும் இதைக் காட்டாத. பார்த்தாலே அவளுக்குத் தலை சுத்தும்."

நான் அலமாரியிலிருந்த காலிச் சட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா பன்னிரண்டுக்குப் பதினைந்து அங்குல அளவில் கட்டம் போட்டார். படத்தின் நீளம் அதற்குள் அடங்கவில்லை. மேலே பலகை இருந்த பகுதியை வெட்டித் தள்ளினார். ஆள்தான் முக்கியம், பலகை எதற்கு என்றார். மறுநாள் சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

மறுநாள் அம்மாவுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. காய் வாங்கப் போவது போல் என்னோடு கிளம்பினாள். அவள் எதிர்ச்சாரியில் நிற்பது, நான் மட்டும் கடைக்குள் போவது என்று பேச்சு. தெரு திரும்பியதும் இருவரும் நின்றுவிட்டோம். முகப்புக் கண்ணாடியில் அம்மா தொங்கிக்கொண்டிருந்தாள். ஒட்டு இல்லை, விலகல் இல்லை, தண்ணீர் முழுக்க ஒரே நீலம். எதிர்க்கடைத் தையல்காரரும் இன்னும் சிலரும் அதன் முன்னால் கூடியிருந்தார்கள். அம்மா பேச்சை மறந்து நேராகக் கடைப் பக்கம் நடந்தாள்.

தையல்காரர் மாமாவிடம் வழக்காடிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் விழுந்துவிட்டார் என்பது அவர் கட்சி. குதித்தார் என்பது மாமா கட்சி.

"எதுலேர்ந்து குதிச்சாங்க? மேல ஒண்ணுமே இல்லையே" என்றார் தையல்காரர். "யாரோ தள்ளிவிட்டிருக்காங்க. பாவம், எப்படித் தலைகுப்புற விழுறாங்க பாருங்க."

அம்மாவின் முகம் மாறியது. அது யாரென்று தெரியாமலே போயிருந்தால் அவள் பொறுத்திருப்பாள். அந்தப் 'பாவம்'தான் அவளுக்குத் தாங்கவில்லை.

மாமா அப்போதுதான் எங்களைக் கவனித்தார். அவசரமாக வந்து படத்தை மறைத்து நின்றுகொண்டு, "நீ இதைப் பார்க்காத பாப்பா, உள்ள வா" என்றார்.

"விழல" என்றாள் அம்மா. "குதிச்சேன்."

"அதைத்தான் நானும் சொல்றேன். குதிச்சாங்கன்னா இவர் கேட்கமாட்டேங்கிறார்."

"குதிச்சாங்க இல்லண்ணா. குதிச்சேன்."

தையல்காரருக்குத்தான் முதலில் புரிந்தது. கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக் கையால் பிடித்துக்கொண்டார். மாமா திரும்பிப் படத்தைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். மறுபடி படத்தில் அந்த விரல்களைப் பார்த்தார். பிறகு கடைக்குள் போய் ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். அவர் அதையும் சந்தேகமாகப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினார்.

எத்தனை நாளாக என்று கேட்டார். அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கையைப் பிசைய ஆரம்பித்தார். அம்மா கண்களை விலக்கிக்கொள்ளவில்லை.

"முடியைப் பிடிச்சுத் தூக்க ஆள் இருந்தாங்களா?"

"தொப்பி போட்டிருந்தேனே. எப்படிப் பிடிப்பாங்க?"

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் கண் நனைந்தது, துடைத்துக்கொண்டார். வெளியே தையல்காரர் புதிதாக வந்து நின்ற ஒருவரிடம், தான் ஆரம்பத்திலிருந்தே அது குதிப்புத்தான் என்று சொல்லிவந்ததாக விளக்கிக்கொண்டிருந்தார்.

"இறக்கிடவா பாப்பா?" என்று கேட்டார் மாமா.

"வேண்டாம். பலகையோட வேற போட்டு மாட்டு. என்னை யாரும் தள்ளிவிடலன்னு எல்லாருக்கும் தெரியட்டும். வீட்டுக்கும் அதேபோல ஒண்ணு."

மாமா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரை முன் உட்கார்ந்தார். கட்டத்தின் மேல் விளிம்பைப் பிடித்து மெதுவாக மேலே இழுத்தார். குதிகால் மேல் கொஞ்சம் வானம் வந்தது. இன்னும் இழுத்தார். இன்னும் வானம். கடைசியில்தான் பலகையின் நுனி வந்தது. அவர் கை மவுஸின் மேலேயே நின்றது.

"இவ்வளவு உயரமா?"

அம்மா அவர் தோளுக்கு மேலே குனிந்து திரையைப் பார்த்தாள்.

"இதுக்கு மேல இன்னொரு பலகை இருக்குண்ணா" என்றாள்.