குடம் மட்டும் கொண்டு வரவும்

துணை இயக்குநர் எழுதிய கடைசிச் சுற்றறிக்கை, அவர் ஓய்வு பெற்ற பிறகுதான் வெளிவந்தது. 'தொலைதூரக் கடலோரக் கிராமத்தில் தங்குமுன் பரிசீலிக்க வேண்டியவை' என்று தலைப்பு. ஒன்பது பக்கம், நாற்பத்தொரு அம்சம், இரண்டு இணைப்பு. காற்றின் திசை இருந்தது, கொசுவின் வகை இருந்தது, 'உள்ளூர் மக்களுடன் அளவோடு பழகுதல்' தனிப் பத்தியாகவே இருந்தது. அலுவலகத்தில் அவருக்குச் 'சுற்றறிக்கை' என்றே பெயர். கழிவறைக் கதவைச் சாத்துவது எப்படி என்று மூன்று பக்கம் எழுதியவர். அவர் ஓய்வு பெறும்வரை அந்தக் கதவை யாரும் சாத்தவில்லை.

பிரிவுபசார விழாவில் மைக்கைப் பிடித்து, மீதி வாழ்க்கை கடலோடுதான் என்று அறிவித்துவிட்டார். நல்ல கைதட்டல். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது மனைவி கேட்டார்:

"அப்ப இந்த வீடு?"

"வித்துடலாம்."

"நீங்க முதல்ல தனியா போய் இருபது நாள் இருங்க. இருந்துட்டீங்கன்னா நானே வித்துட்டு வரேன். நடுவுல ஓடி வந்தீங்கன்னா, கடல்ங்கற பேச்சே இந்த வீட்ல எடுக்கக் கூடாது."

"இருபது என்ன, இருநூறு நாள் இருப்பேன்."

ஒன்பது பக்கத்தையும் பதிவுத் தபாலில், தான் தேர்ந்தெடுத்த கடலோரக் கிராமத்து அறைக்காரம்மாவுக்கு அனுப்பினார். அந்த அம்மாவுக்கு வலை பின்னுவதுதான் தொழில். வலைக் கொட்டகைக்கு மேலே இருந்த ஒற்றை அறையை வாடகைக்கு விட்டிருந்தார். பதில் ஓர் அஞ்சலட்டையில் வந்தது: 'அறை இருக்கு. கடலும் அங்கயேதான் இருக்கு. குடம் மட்டும் கொண்டு வரவும்.'

வரிசை எண் வாரியாகப் பதில் தராததைச் சிவப்பு மையில் குறித்துவைத்தார். குடம் அவருடைய நாற்பத்தொன்றில் இல்லை. எனவே தொலைநோக்கி, மடக்கு நாற்காலி, காற்றழுத்தமானி ஆகியவற்றோடு புறப்பட்டார்.

பேருந்து கடைசியாக நிற்கும் இடத்திலிருந்து ஊருக்குள் போக ஒரே வண்டி, தண்ணீர் லாரி. புதனும் சனியும் வரும். ஊர்க் கிணறு உப்பு என்பதால் குடிநீர், ஆள், தபால் எல்லாம் அதில்தான். அதை ஓட்டுகிறவர் அறைக்காரம்மாவின் தம்பி.

"குடம் எங்க சார்?" இறங்கியதும் அந்த அம்மா கேட்டார்.

"இங்க ஒண்ணு கிடைக்காதா?"

"கிடைக்கும். என்னோட பழசு. அடியில ஓட்டை, தார் வச்சு அடைச்சிருக்கேன். வேகமா நடந்தீங்கன்னா பாதி மிஞ்சும்."

அவரவர் தண்ணீரை அவரவர்தான் தூக்க வேண்டும். லாரியருகே நின்ற பெண்களுக்கு அவர் வரிசை ஒழுங்கு குறித்து எடுத்துரைத்து முடித்தபோது, எல்லாரும் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தார்கள். லாரியில் மிச்சம் இருந்ததை வாங்கிக்கொண்டு முப்பத்திரண்டு படி ஏறினார். சட்டை நனைந்தது, குடம் காலியானது.

அறை ஜன்னல் கடலைப் பார்க்கவில்லை, ஐஸ் உடைக்கும் இயந்திரத்தைப் பார்த்தது. விடியற்காலை நாலு மணிக்கு அது பல்லை நறநறவென்று கடிக்கத் தொடங்கும். செல்போன் சிக்னல் கொட்டகை வாசற்படியில் மட்டும்தான் கிடைக்கும். சாயங்காலம் அங்கே நின்று மனைவியிடம் பேசுவார்.

"பிரமாதம். அலைச் சத்தம் அப்படியே தாலாட்டு."

முடிச்சுப் போட்டபடியே அறைக்காரம்மா சொன்னார்: "தாலாட்டு நாலு மணிக்கே ஆரம்பிச்சுடுது சார். நாளைக்குக் காதுல பஞ்சு வச்சுக்குங்க."

பதினைந்தாம் நாள், புதன்கிழமை. சுற்றறிக்கை ஊர் திரும்ப முடிவெடுத்துவிட்டார். மூட்டு வலி, மருத்துவ ஆலோசனை, தவிர்க்க இயலாத காரணம் என்று மனசுக்குள் வாசகத்தைக்கூடத் தயாரித்துவிட்டார். லாரி ஹாரன் கேட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். இன்னொரு கையில், பழக்க தோஷத்தில், ஓட்டைக் குடமும் வந்தது.

லாரியின் முன்கதவு திறந்தது. இடுப்பில் புதுக் குடத்தோடு மனைவி இறங்கினார்.

"என்னங்க, பையோட?"

எந்தக் கேள்விக்கும் குறைந்தபட்சம் 'பரிசீலனையில் உள்ளது' என்றாவது சொல்லக்கூடியவர். அன்றைக்குப் பையை முதுகுக்குப் பின்னால் தள்ளினார்.

அறைக்காரம்மாதான் கைகொடுத்தார். "துவைக்க எடுத்துட்டு வந்திருப்பாரு அக்கா. லாரி வர்ற நாள்லதான் துவைப்பாரு."

"நீ போன்ல சொன்னப்ப நான் நம்பலை" என்றார் மனைவி, அந்த அம்மாவிடம்.

"போன்லயா?" என்றார் சுற்றறிக்கை.

"நீங்க மத்தியானம் தூங்கறப்ப நாங்க பேசுவோம். தண்ணி தூக்கறீங்களாம், தட்டு கழுவறீங்களாம், ஒருத்தர்கிட்டயும் விளக்கம் கேக்கறது இல்லையாம். வீட்ல ஒரு தம்ளரை நகர்த்தியிருப்பீங்களா நீங்க?"

"இன்னும் இருபது நாள் ஆகலையே" என்றார் பலவீனமாக.

"எனக்குப் பதினஞ்சே போதும். வீட்டை வந்து பார்த்துட்டுப் போயிருக்காங்க, நான் சரின்னு சொல்ல வேண்டியதுதான் பாக்கி. சொல்லுங்க, இங்கயே இருந்துடலாமா?"

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வீடு தப்பும், அவரும் தப்புவார். ஆனால் குடங்களோடு நின்ற பெண்கள் எல்லாரும் அவர் வாயையே பார்த்தார்கள். காதில் பிரிவுபசார விழாவின் கைதட்டல் வேறு கேட்டது.

லாரிக்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "சார் ஏறுறீங்களா, இல்ல தண்ணி விடட்டுமா?"

"மூட்டு கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார்.

"மூட்டுக்கு என்ன?" என்றார் மனைவி.

"ஒண்ணுமில்ல. நல்லா இருக்கு. இங்க வந்ததுல இருந்து ரொம்ப நல்லா இருக்கு."

பையை மணலில் வைத்தார். லாரிக்காரர் குழாயைத் திறந்தார்.

வரிசையில் நிற்கும்போது அவர் தணிந்த குரலில் கேட்டார்: "என்னோட ஒன்பது பக்கத்தை நீ படிச்சியா? வீட்டை விக்கறதுக்கு முன்னாடி எவ்வளவோ பார்க்கணும்."

"எல்லாத்தையும் படிக்க முடியலைங்க. நான் இவகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன், வரும்போது என்ன எடுத்துட்டு வரணும்னு."

சொல்லிவிட்டுப் புதுக் குடத்தை அவருடைய இன்னொரு கையில் கொடுத்தார்.

"இதுல ஓட்டை இல்லை. இதை மெதுவாவே தூக்கிட்டு வாங்க."

இரண்டும் நிறைந்தன. அவர் முதலில் பழையதை எடுத்துக்கொண்டு, முப்பத்திரண்டு படியை நோக்கி வேகமாக நடந்தார்.