வெதுவெதுப்பு வேண்டாத பை

அந்த மருத்துவமனையில் மருந்தாளருக்கு "அண்ணி" என்றே பெயர் விழுந்துவிட்டது. குறைமாதக் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருக்கும் அவளுடைய நாத்தனார்தான் காரணம். வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து "அண்ணீ!" என்று கத்திக் கத்தி, இப்போது பெரிய டாக்டரே அப்படித்தான் கூப்பிடுகிறார்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வீட்டில் கழுவிக் கவிழ்த்த டம்ளரை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, "இதுல ஏதோ ஒட்டிட்டிருக்கு அண்ணி" என்பாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு குறை தேடுகிறவளோடு ஒரே வீட்டில் குடித்தனம், ஒரே இடத்தில் வேலை. யாருக்கு வாய்க்கும் இந்தக் கொடுப்பினை!

அன்று காலை அண்ணி வார்டில் ஒரு குழந்தைக்காக ஒரு பை கரைசல் கலந்து அனுப்பியிருந்தாள். அந்தக் குழந்தை ஒரு கிலோகூட இல்லை. பால் செரிக்கவில்லை, நரம்பு வழியாக ஏறும் கரைசல்தான் அதற்குச் சாப்பாடு. எலும்பு வளரக் கால்சியமும் வேண்டும், பாஸ்பேட்டும் வேண்டும். ஆனால் இரண்டும் நெருங்கிவிட்டால் வெள்ளைத் தூளாக இறுகிவிடும். அந்தத் தூள் ரத்தத்தில் போனால் நுரையீரலை அடைத்து ஆளையே கொன்றுவிடும். அதனால் முதலில் பாஸ்பேட், பிறகு மற்றதெல்லாம், நன்றாகக் கலக்கிய பின் கடைசியில்தான் கால்சியம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த வரிசையை அண்ணி சொல்வாள்.

போன் அடித்தது.

"அண்ணி, பை கலங்கலா இருக்கு. ஒதுக்கி வச்சுட்டேன். வேற அனுப்புங்க."

ஆரம்பித்துவிட்டாள்! பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி கலந்தாள். கறுப்புப் பலகைக்கு முன்னால் பையைத் தூக்கிப் பார்த்தாள். பளிங்கு மாதிரி இருந்தது. அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி போன்.

"இதுவும் கலங்கல்தான் அண்ணி."

"இது என்ன நம்ம வீட்டு டம்ளரா? நான் பார்த்துதான் அனுப்பினேன். பிள்ளை பட்டினி கிடக்குது. பேசாம மாட்டு!"

"மாட்ட மாட்டேன்."

லொட்டென்று போனை வைத்துவிட்டு, அண்ணி தடதடவென்று மாடிப்படி ஏறினாள். இன்றைக்கு இவளை ஒரு கை பார்த்துவிடுவது என்றுதான் போனாள்.

நாத்தனார் பையைக் கறுப்புத் துணிக்கு எதிரே பிடித்தாள். உள்ளே வெள்ளைப் பொடி மெல்லச் சுழன்றது. அண்ணி கிட்டே போய் உற்றுப் பார்த்தாள். பையை வாங்கினாள். கை சுட்டது.

"இதை எங்கே வச்சிருந்தே?"

"நேத்து புதுசா வந்த வார்மர்ல. உங்க ரூம்லேர்ந்து வர்றதெல்லாம் ஐஸா இருக்கு. அவ்வளவு சின்ன உடம்புக்குள்ள ஜில்லுன்னு ஏத்தறதா? பாவம் இல்லையா?"

"அடி பாவி! சூடு பண்ணினியா?"

"சூடு பட்டா உப்பு கரையத்தானே செய்யும்?"

"மத்தது கரையும். இது ஏட்டிக்குப் போட்டி. சூடு பட்டாத்தான் படியும்!"

"அப்போ ஃபிரிட்ஜ்ல வச்சா…"

"படிஞ்சது படிஞ்சதுதான். வார்மர் பக்கம் போனே, கையை ஒடிச்சிடுவேன்!"

மூன்றாவது பையை அண்ணியே எடுத்து வந்தாள். குளிர் தானாகப் போகும்வரை கட்டிலருகே காவல் நின்றாள். துளித் துளியாகக் கரைசல் இறங்க ஆரம்பித்ததும் குழந்தையின் விரல் ஒருமுறை மடங்கி விரிந்தது. அப்போதுதான், தான் போனில் என்ன சொன்னோம் என்பது அண்ணிக்கு உறைத்தது. பேசாம மாட்டு. வேறு எந்த நர்ஸாக இருந்தாலும், மருந்தாளரே சொல்லிவிட்டார் என்று மாட்டியிருப்பாள்.

சாயங்காலம் வீட்டில் அண்ணி டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாள். நாத்தனார் டம்ளரை எடுத்தாள். அண்ணியை ஓரக்கண்ணால் பார்த்தாள். வெளிச்சத்தில் பிடிக்காமல், தலையைக் குனிந்துகொண்டு தண்ணீரை ஊற்றப் போனாள்.

"ஏன், இன்னிக்குக் கண்ணு தெரியலையா?" என்று சிடுசிடுத்தாள் அண்ணி. "பார்த்துட்டு ஊத்து."