காளையின் பின்னங்கால்கள்

சாமிரான் இருபத்திரண்டு வருடமாகக் காளையின் பின்பாதி. அவர்கள் ஊர் ஆட்டத்தில் ஒரு காளைக்கு இரண்டு ஆட்கள். முன்னால் நிற்பவன் நிஜக்கொம்பு பொருத்திய மரத்தலையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து ஆடுவான். பேர், புகழ், கைதட்டல், வேலியோரம் நிற்கும் பெண்களின் பார்வை எல்லாம் அவனுக்கு. பின்னால் இருப்பவன் கறுப்புத் துணிக்குள் குனிந்து, முன்னவனின் இடுப்புத்துண்டைப் பிடித்தபடி, இழுத்த பக்கம் போக வேண்டும். சுரபாயாவுக்குத் தெற்கே பாத்து மலையூரில் நடந்த அத்தனை விழாவையும் சாமிரான் பார்த்திருக்கிறான் என்று சொல்ல முடியாது. அத்தனை விழாவிலும் மச்சினன் கஸ்யாடியின் முதுகைப் பார்த்திருக்கிறான். அந்த முதுகில் எந்த வருடம் எந்த மரு முளைத்தது என்று கேட்டால் சொல்லிவிடுவான்.

வருமானத்துக்குக் கொத்தனார் வேலை. மலைச்சரிவில் சுற்றுலாக்காரர்களுக்கென்று இருந்த ஐந்துநாட்டுப் பூங்காவில் ஜப்பான், எகிப்து, பிரான்சு, இந்தியா, மெக்சிகோ என்று ஐந்து நாடுகள் ஏற்கெனவே நின்றன. போன வருடம் ஆறாவதாக ஹாலந்து கட்டத் தொடங்கினார்கள். காற்றாலை, கால்வாய், கூம்புக்கூரை வீடுகள். வாசல் பலகையில் ஐந்தை அழித்து ஆறு எழுதினார்கள்.

"டச்சுக்காரங்கள விரட்ட நம்ம பெருசுங்களுக்கு முந்நூத்தம்பது வருஷம் ஆச்சு. நாம எட்டே மாசத்துல திரும்பக் கொண்டாந்துட்டோம் பாரு!" என்று சாரத்தில் நின்று மிஸ்னான் கத்துவான். கீழே இருப்பவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். சாமிரானும் சிரித்துக்கொண்டேதான் காற்றாலைச் சுவருக்குப் போலிச் செங்கல் ஒட்டினான்.

மிஸ்னான் கஸ்யாடியின் தம்பி, பெயின்டர். ஒரு சாயங்காலம் வேலை முடிந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டுப் புதுக் கால்வாயில் குதித்துக் குளித்தான். பூங்காவின் காவல் தலைவன் விர்யோ அவனைத் தலைமயிரைப் பிடித்துக் கரைக்கு இழுத்தான். இரண்டு காவலாளிகள் கையை மிதித்துக்கொள்ள, விர்யோ பெருவிரல் தடிமன் கேபிளால் அடித்தான். முதல் மூன்று அடி முதுகில். மிஸ்னான் கையை உருவிக்கொண்டு திரும்பிக் கும்பிட்டபோது நாலாவது அடி முகத்தில் விழுந்தது. இடது கண் போயிற்று. சத்தம் கேட்டுக் கஸ்யாடி ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மிஸ்னான் சாரத்திலிருந்து தவறி விழுந்ததாகப் பூங்கா அலுவலகத்தில் எழுதிக்கொண்டார்கள். சாமிரான் அப்போது ஏணி உச்சியில் நின்று அத்தனையும் பார்த்தான். ஏணிக்குப் பதினாறு படி. அவன் மெதுவாகத்தான் இறங்கினான்.

திறப்பு விழாவுக்குக் காளையாட்டம் வைப்பதென்று மேலாளர் மார்லினா அம்மா, ஊர்ப் பேச்சில் இபு மார்லினா, முடிவு செய்தார். சுரபாயா நகரத்துக்காரர், எதையும் படமாகத்தான் யோசிப்பார். டச்சு கவர்னர் சிவப்புக் கோட்டு போட்டுக்கொண்டு சிப்பாய்களோடு வருவார். காளை துள்ளி வந்து அவர் முன்னால் மண்டியிடும். அவர் மாலை போடுவார். பழைய பகை தீர்ந்தது. கவர்னருக்கு உயரம் வேண்டும், மீசை வேண்டும். இரண்டும் விர்யோவிடம்தான் இருந்தன.

ஊரார் 'பாக்', அதாவது ஐயா, என்று கூப்பிடும் ஆட்டக்குழுவின் பூசாரி சொன்ஹாஜி மார்லினாவின் அறைக்கே போய் நின்றார்.

"இபு, காளை ஆடற இடத்துல சிவப்பு ஆகாது. காளைக்குள்ள இறங்கி வர்ற ஆவிக்கு அது பிடிக்காது."

"கோட்டு ஜகார்த்தாவுல தைச்சு வந்தாச்சு, பாக். உங்க காளைகிட்ட கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க."

"சரி, கழுத்துக் கயிறாவது இருக்கட்டும். நாலு பேர் பிடிச்சுக்குவோம்."

"கயிறு போட்டோவுல அசிங்கமா விழும். கொம்புக்கு ஸ்பாஞ்ச் உறை குடுத்திருக்கேனே, அது போதும்."

திறப்பு நாள் காலையில் சாமிரானின் மனைவி பைனா அவனுக்குக் காப்பி வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தாள்.

"நேத்து என் தம்பி கொம்புக்கு அரம் போட்டுட்டு இருந்தான். நான் பாத்தேன்."

"மழுங்கியிருக்கும்."

"என்கிட்டயே நடிக்காதே. ஒரு தம்பிக்குக் கண்ணு போச்சு. இன்னொருத்தன் கொலைகாரனாகக் கூடாது. அவன வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றது உன் பொறுப்பு. என்ன செய்யப்போற?"

"பின்னாலதானே இருக்கேன். இழுத்துப் பிடிச்சுக்கறேன்."

"அட, பின்னங்காலுக்கும் ரோஷம் வந்துடுச்சா?" என்றாள். ஆனால் சிரிக்கவில்லை.

பூங்காவில் காற்றாலைக்குப் பின்னால் துணிக்கூடாரம் போட்டிருந்தார்கள். கஸ்யாடி அதற்குள் தனியாக உட்கார்ந்து ஸ்பாஞ்ச் உறைகளைப் பிய்த்துக்கொண்டிருந்தான். கொம்பு முனை இரண்டும் ஊசி மாதிரி இருந்தன.

"தலைய என்கிட்ட குடு" என்றான் சாமிரான்.

"காங்..." என்றான் கஸ்யாடி. அக்கா புருஷனை அண்ணன் முறையில் அப்படித்தான் கூப்பிடுவான். "நீ பின்னால வந்து சேர்ந்தா போதும். வயித்துல ஒரே குத்து. ஆவி ஏறின காளை செஞ்சதுக்கு யாரைப் பிடிப்பாங்க? நம்ம ஊர்ல இதுவரைக்கும் எவனாவது உள்ள போயிருக்கானா?"

"இதுவரைக்கும் எவனும் செத்ததும் இல்லையே."

சாமிரான் மரத்தலையைப் பிடுங்கப் பாய்ந்தான். அவனுக்கு நாற்பத்தாறு வயது. சண்டை அனுபவம் என்று பார்த்தால் பள்ளிக்கூடத்தில் ஒன்று, அதிலும் தோல்வி. கஸ்யாடி அசையாமல் உட்கார்ந்த இடத்திலிருந்தே தலையை மேலே தூக்கினான். மரமூக்கு சாமிரானின் தாடையில் இடித்தது. மல்லாந்து விழுந்தவன் கையில் அகப்பட்ட கூடாரக் கழியைப் பிடுங்கி மச்சினன் முழங்காலில் அடித்தான். கஸ்யாடி பல்லைக் கடித்துக்கொண்டு அவன் மார்மேல் ஏறி உட்கார்ந்து, முழங்கையைத் தொண்டையில் வைத்து அழுத்தினான்.

"அவன் கண்ணு தரையில கிடந்தது காங்! கையில அள்ளி எடுத்துட்டுப் போனேன்! நீ ஏணியில நின்னு பாத்துட்டு இருந்தே!"

சாமிரான் மூச்சுக்குத் திணறி மண்ணில் காலை உதைத்தான்.

வெளியே முரசு ஒலித்தது. குழல் ஊதினார்கள். கஸ்யாடி எழுந்து, இவனையும் கைகொடுத்துத் தூக்கிவிட்டு, முதுகு மண்ணைத் தட்டிவிட்டான். குழுவில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. இருவரும் துணிக்குள் நுழைந்தார்கள்.

ஹாலந்துச் சதுக்கம் முழுக்கக் கூட்டம். காளையைக் கண்டதும் பிள்ளைகள் விசிலடித்தார்கள். விசிலடித்தால் காளைக்கு வெறி ஏறும் என்பது அங்கே மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரியும். குழுவின் சாட்டைக்காரர்கள் தரையில் சாட்டையைச் சொடுக்கினார்கள். காளை இரண்டு சுற்று சுற்றியது. துணியின் கீழ்விளிம்பு வழியாகச் சாமிரானுக்குத் தெரிந்தது கால்கள் மட்டும்: ரப்பர் செருப்புகள், ஸ்கூல் ஷூக்கள், மார்லினாவின் குதிகால் செருப்பு. கடைசியில் பளபளக்கும் கறுப்பு பூட்ஸ் ஒரு ஜோடி வந்து நின்றது.

கஸ்யாடியின் முதுகுத் தசைகள் இறுகின. சாமிரானும் குதிகாலைக் கல்லிடுக்கில் ஊன்றினான்.

கஸ்யாடி பாய்ந்தான். காளையின் முன்பாதி மட்டும்தான் பாய்ந்தது. நடுவில் துணி கிழியும் சத்தம் கேட்டது. இடுப்புத்துண்டை முறுக்கிப் பிடித்துச் சாமிரான் தன் முழு எடையோடும் பின்னால் சாய்ந்தான். முன்கால் வடக்கே இழுக்க, பின்கால் தெற்கே இழுக்க, காளை நின்ற இடத்திலேயே தன்னோடு தானே மல்லுக்கட்டியது. கூட்டம் ஆர்ப்பரித்தது. சாமிரான் ஆட்டத்துக்கு இத்தனை கைதட்டல் இதற்குமுன் கிடைத்ததே இல்லை.

கஸ்யாடி காலைப் பின்னால் வீசி உதைத்தான். முதல் உதை தொடையில். இரண்டாவது விலாவில் விழுந்தது. உள்ளே ஏதோ நொறுங்கியது. சாமிரான் விடவில்லை. முழங்கை ஒன்று பின்னால் பறந்து வந்து அவன் வாயில் இறங்கியது. ஒரு பல்லைத் துப்பினான். இன்னொன்று துப்ப வராமல் தொங்கியது.

"விடு காங்!"

"மாட்டேன்டா!"

விர்யோவுக்கு இதெல்லாம் ஆட்டமாகவே தெரிந்தது. மார்லினா கேமராக்காரரை அருகே வரச் சொல்லிக் கை காட்டியதும் அவனுக்கு உற்சாகம் ஏறியது. சாட்டைக்காரன் ஒருவன் கையிலிருந்த சாட்டையைப் பறித்து, "மண்டி போடுடா மாடே!" என்று காளையின் பின்பக்கத்தில் வீசினான். குழுவில் இருப்பவர்கள் தரையில்தான் அடிப்பார்கள், அல்லது துணியில் உரசுகிற மாதிரி. விர்யோவுக்கு அந்த வித்தை தெரியாது. அவனுக்குத் தெரிந்த அடி ஒன்றுதான். துணி பிளந்து, சட்டை பிளந்து, சாமிரானின் முதுகுத் தோல் பிளந்தது. கூட்டம் சிரித்தது. இரண்டாவது அடியும் அதே இடத்தில் விழுந்தது. மூன்றாவதுக்கு முன்னால் பூட்ஸ் கால் அவன் இடுப்பில் மோத, சாமிரான் ஒரு முழங்காலில் சரிந்தான்.

பூட்ஸ் காளையைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போனது. விர்யோ மாலையை எடுத்துக்கொண்டு காளைமுகத்தருகே குனிந்து, கேமராவுக்குப் பல்லைக் காட்டியபடியே தாழ்ந்த குரலில் கேட்டான்.

"என்ன கஸ்யாடி, ஒத்தக் கண்ணன் வரலியா? டிக்கெட்ல பாதி கழிச்சுத் தரச் சொல்றேன். பாதிதானே பாக்க முடியும்."

அதற்குப் பிறகு நடந்ததை யோசித்துச் செய்ததாகச் சொல்ல முடியாது. யோசிக்காமல் செய்ததாகவும் சொல்ல முடியாது. சாமிரான் இழுப்பதை நிறுத்தினான். தலையைக் கஸ்யாடியின் நடுமுதுகில் வைத்து, இரண்டு காலையும் கல்லில் உதைத்து, மலையேற்றத்தில் செங்கல் வண்டி தள்ளுகிற மாதிரி தள்ளினான்.

கஸ்யாடி இதை எதிர்பார்க்கவில்லை. இத்தனை நேரம் பின்னால் இழுத்த கை இப்போது அவனை மனிதச் சதைமேல் ஏற்றுகிறது. "காங்! இரு! காங்!" என்று அலறினான். இப்போது அவன் குதிகாலை ஊன்றினான். பிரயோசனமில்லை. இருபத்திரண்டு வருடமாக முன்பாதி போன பக்கமெல்லாம் போன பின்பாதி முதல்முறையாகத் தனக்கென்று ஒரு பக்கம் வைத்திருந்தது. விர்யோ பின்னால் தடுமாறினான். சிப்பாய் ஒருவன் மரத்துப்பாக்கியால் காளையின் நெற்றியில் அடித்தான், துப்பாக்கி உடைந்தது. ஆறு கால்களும் ஒரே குவியலாகக் காற்றாலைச் சுவரில் போய் மோதின.

கடைசி நொடியில் கஸ்யாடி இரண்டு கையாலும் தலையைக் கீழே திருப்பினான். வயிற்றுக்குப் போக வேண்டிய கொம்பு விர்யோவின் தொடையில் ஏறி, மறுபக்கம் வந்து, போலிச் செங்கலையும் துளைத்தது.

முரசு நின்றது. விர்யோ கத்திய கத்தலில் எகிப்தில் இருந்தவர்கள்கூட ஓடி வந்தார்கள்.

கஸ்யாடி வெறுங்கையோடு, முகம் வெளுத்து நின்றான். "காங்... என்ன பண்ணிட்டே?"

சாமிரான் துணிக்குள்ளிருந்து ஊர்ந்து வெளியே வந்தான். பூட்ஸுக்குள் ரத்தம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. சிவப்புக் கோட்டில் கறை தெரியவே இல்லை. ஜகார்த்தா தையல்காரர் நல்ல துணியாகத்தான் எடுத்திருக்கிறார் என்று ஒரு கோணல் நினைப்பு அவனுக்கு வந்து போயிற்று. கஸ்யாடியின் இடுப்புத்துண்டை உருவி விர்யோவின் தொடையில் இறுக்கிக் கட்டினான். உடைந்த துப்பாக்கியின் கட்டையைச் செருகி முறுக்கினான். பிறகுதான் கொம்பை உருவினார்கள்.

"நான் சாகப்போறேனா?" என்று விர்யோ அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டான். அழுதுகொண்டிருந்தான். மீசையில் பாதி ஒட்டு மீசை போலிருக்கிறது, கழன்று தொங்கியது.

"இவ்வளவு சத்தமா கத்துறவன் சாக மாட்டான். காலை மட்டும் ஆட்டாதே."

ஆம்புலன்சில் விர்யோவை ஏற்றும்வரை கட்டையை முறுக்கிய பிடியைச் சாமிரான் விடவில்லை. கதவு சாத்தியதும் காவலாளிகள் இருவர் கஸ்யாடிமேல் விழுந்தார்கள். ஒருவன் அவன் கழுத்தைப் பின்னாலிருந்து பிடிக்க, இன்னொருவன் வயிற்றில் குத்தினான். "தம்பிக்காகப் பழிவாங்கிட்டான்! இவன்தான் தலை! இவனைப் பிடிங்க!" கஸ்யாடி திருப்பி அடிக்கவில்லை. போலீஸ்காரர் ஒருவர் நடுவில் புகுந்து பிரித்துவிட்டு, மரத்தலையைத் தூக்கிக் கொம்பு முனையை விரலால் தொட்டுப் பார்த்தார். விரலில் ரத்தம் வந்தது, அவருடைய ரத்தம்.

அதற்குள் பாக் சொன்ஹாஜி சாம்பிராணிச் சட்டியோடு சாமிரான் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார். முறை அதுதான். ஆவி ஏறியவனிடம் அதன் பெயரைக் கேட்டு, மலர் கொடுத்து, தண்ணீர் தெளித்து அனுப்பி வைக்க வேண்டும். போனபிறகு அந்த ஆள்மேல் குற்றமில்லை.

"வந்திருக்கிறது யாரு? பேரைச் சொல்லு."

போலீஸ்காரர் நோட்டைத் திறந்தார். அவரும் அந்த ஊர்க்காரர்தான். "கேளுங்க பாக். சொல்றதை எழுதிக்கிறேன். நமக்கும் வேலை சுலபம்."

"சொல்லு காங்" என்றான் கஸ்யாடி, காவலாளியின் பிடியிலிருந்தபடியே. "ஏதாவது ஒரு பேரு."

இந்தக் கேள்வியைச் சாமிரானிடம் இதுவரை நூறு தடவையாவது கேட்டிருப்பார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு பேரைப் புளுகியிருக்கிறான்: மலைக் கிழவன், அருவிக் காவல்காரன், ஒருமுறை அவசரத்தில் பக்கத்து வீட்டுத் தாத்தா. ஒருநாளும் அவன்மேல் எதுவும் ஏறியதில்லை. மற்றவர்கள் புரளும்போது தானும் புரண்டு, கொடுத்த மல்லிகையை மென்று தின்றுவிட்டு, இரண்டு நாள் வயிற்றுப்போக்கோடு கிடப்பான். இன்றைக்கும் ஒரு பேர் சொன்னால் அவன் வீட்டுக்குப் போகலாம். ஆனால் அந்தப் பேர் பின்பாதிக்கு மட்டும்தான் செல்லும். முன்பாதியின் கையில் ராவிய கொம்பு இருந்தது. தம்பியின் கண் இருந்தது.

"சாமிரான்" என்றான். "காடிரான் மகன். வேற யாரும் வரல."

பாக் சொன்ஹாஜி முகத்தில் தண்ணீரை அடித்தார். "பொய் சொல்லுது" என்று கூட்டத்துக்கு விளக்கினார். "உண்மைப் பேரைச் சொல்லு!"

"எத்தனை தண்ணி ஊத்தினாலும் அதே ஆளுதான் பாக். கஸ்யாடி நிறுத்தப் பாத்தான். நான்தான் பின்னாலேர்ந்து தள்ளினேன். வேணும்னா கேமராவைப் போட்டுப் பாருங்க. யாரோட கால் ஊனுது, யாரோட கால் உதைக்குதுன்னு தெரியும்."

"கொம்பை ராவினது?" என்றார் போலீஸ்காரர்.

கஸ்யாடி வாயைத் திறந்தான். சாமிரான் முந்திக்கொண்டான்.

"அதுவும் நான்தான். கொத்தனார் வீட்டுல அரம் இல்லாம இருக்குமா?"

போலீஸ்காரர் அவனையும் கஸ்யாடியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டுவிட்டு எழுதினார். காவலாளிகள் கஸ்யாடியின் கழுத்தை விட்டார்கள்.

ஜீப்பில் ஏறும்போது சாமிரானுக்கு விலா குத்தியது. இரண்டு தடவை முயன்றுதான் ஏற முடிந்தது. கஸ்யாடி பின்னாலேயே ஓடி வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டான். அழுதுகொண்டிருந்தான்.

"நானும் வர்றேன் காங்."

"நீ வீட்டுக்குப் போ" என்றான் சாமிரான், ஆடும் பல்லை நாக்கால் தள்ளியபடி. "உங்க அக்கா உன்னைத்தான் கூட்டிட்டு வரச் சொன்னா. என்னைப் பத்தி ஒண்ணும் சொல்லல."