சில்வெஸ்ரரின் மூளை

ஊர்காவற்றுறைக் கடலில் சில்வெஸ்ரரின் தலையில் பாய்மரம் முறிந்து விழுந்தது எழுபத்தெட்டாம் ஆண்டில். ஆஸ்பத்திரியில் தையல் போட்டு அனுப்பினார்கள். அதுவரை கையோங்கி அறியாதவன், வீட்டுக்கு வந்த சில நாட்களில் மனைவி ஜசிந்தாவை அடிக்கத் தொடங்கினான்.

அவளுடைய வீங்கிய முகம் வாசிகசாலையில் வாதாடும் இரண்டு பேருக்குப் பெரிய விருந்தாகிவிட்டது. ஒருவர் விஞ்ஞான ஆசிரியர் பாலசிங்கம். ஒரு புத்தகத்தை அரைவாசி படித்துவிட்டு, ஆன்மா இல்லை என்று முடிவு கட்டியவர். மற்றவர் கத்தோலிக்கக் கோயிலில் ஞானோபதேசம் படிப்பிக்கும் பத்திநாதர். ஒன்றும் படிக்காமலே ஆன்மா உண்டென்று முடிவு கட்டியவர். ஒருவரையொருவர் மடையன் என்று நினைத்தார்கள். அதில் மட்டும் இருவரும் பிழைவிடவில்லை.

எல்லாம் மூளையின் வேலை என்ற ஆசிரியரின் பேச்சு சில்வெஸ்ரருக்குப் பிடித்துக்கொண்டது. அடித்துவிட்டு, "நான் இல்லையப்பா, மூளைதான் அடிக்குது" என்று சொல்லப் பழகினான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து இருவரும் வாதத்தோடு அவன் வீட்டுக்கே வந்து கதிரைகளில் அமர்ந்தார்கள்.

"முன்மூளை அடிபட்டால் கோபத்தை அடக்க ஏலாது. சுயவிருப்பம் எண்டதே வெறும் மயக்கம். இவரில குற்றமில்லை" என்றார் பாலசிங்கம்.

ஜசிந்தா குசினியிலிருந்து வந்தாள்.

"மாஸ்ரர், போன கிழமை இவர் தொழிலுக்குப் போற வள்ளத்தின்ர சம்மாட்டி குருசுமுத்தர் இவருக்குக் கன்னத்தில அறைஞ்சவர். இவர் தலையைக் குனிஞ்சுகொண்டு நிண்டவர். அப்ப மட்டும் எப்பிடி அடக்கினவர்?"

"அது... பயத்துக்கு வேற பகுதி."

"அந்தப் பகுதி என்னைக் கண்டால் வேலை செய்யாதோ?"

பத்திநாதர் சிரித்தார். "பிள்ளை, ஆண்டவர் உம்மட ஆத்துமாவைச் சோதிக்கிறார். பொறுமையாயிரும்."

"உங்கட ஆத்துமாவையும் சோதிக்கட்டும். இவரைக் கூட்டிக்கொண்டுபோய் உங்கட வீட்டில வைச்சிருங்கோ."

பத்திநாதர் சிரிப்பை நிறுத்திக்கொண்டு குடையைத் தேடினார். ஆசிரியருக்கும் திடீரென்று வேலை வந்துவிட்டது.

மறுநாள் ஜசிந்தா நெடுந்தீவுக்கு வள்ளமேறி, அக்கா அந்தோனியம்மாவின் வீட்டுக்குப் போனாள். விபத்துக்கு முந்திய சில்வெஸ்ரரை நினைத்துப் பல நாள் அழுதாள். பிறகு கருவாடு போட்டுச் சீவித்தாள்.

அடுத்த வருடம் அவன் தேடி வந்தான். அவள் மீன் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"தலையில அடிபட்டதால வந்த வினை, ஜசிந்தா. உமக்கும் தெரியும்."

"ஓம், தெரியும். அதுக்காக நான் அடி வாங்க ஏலாது."

அவள் இருக்கச் சொல்வாள் என்று அவன் எதிர்பார்த்து நின்றான். அவள் அடுத்த மீனைப் பிளந்து உப்புப் பூசினாள். பின்னேர வள்ளத்தில் அவன் திரும்பிப் போனான்.