மூன்று குருவித் தோரணம்

உருத்திரபுரத்தில் ஒரு வீட்டில் நல்லது நடந்தாலும் பரமலிங்கத்தைத்தான் தேடுவார்கள், கெட்டது நடந்தாலும் பரமலிங்கத்தைத்தான் தேடுவார்கள். தோரணம் பின்ன ஊரில் வேறு ஆளில்லை என்பதல்ல. வாய்க்கால் கரையில் நிற்கிற பத்துப் பேரைப் பிடித்தால் ஆறு பேருக்கு அந்த வேலை தெரியும். ஆனால் மற்றவர்கள் மடித்த குருத்தோலை பந்தலில் ஏறும்போதே சோர்ந்துவிடும், இவர் மடித்தது கலியாணம் முடிந்து பொம்பிளை வீட்டார் கடனை யோசிக்கத் தொடங்கும் வரைக்கும் விறைப்பாக நிற்கும். இரண்டு ஏக்கர் வயலும் வாயில்லாப் பூச்சி என்ற பெயரும் தவிர வேறு சொத்தில்லாத அந்த மனுசனுக்கு இந்த ஒன்றில்தான் கொஞ்சம் பெருமை.

தோரணத்தில் ஒரு கணக்கு உண்டு. ஓலையைக் கிழித்து மடிக்கிற மடிப்பைக் குருவி என்பார்கள். நல்ல வீட்டுத் தோரணத்துக்கு நான்கு குருவி, தலை மேலே பார்க்க வேண்டும். செத்த வீட்டுக்கு மூன்று குருவி, தலை கீழே. வாசல் படலையில் தொங்குவதைப் பார்த்தே சின்னப் பிள்ளைகூட, சிரித்துக்கொண்டு உள்ளே போகலாமா, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போக வேண்டுமா என்று தெரிந்துகொள்ளும். இதில் பிழைவிட்டவர்களை ஊர் ஆயுளுக்கும் மறக்காது. பரமலிங்கம் ஒருநாளும் பிழைவிட்டதில்லை.

அவருடைய மகள் கௌசலாவுக்கு முப்பத்திரண்டு வயதில் ஒருவழியாகக் கலியாணம் சரிவந்தது. செவ்வாய்க் குற்றம் என்று சிலர் விட்டுப் போயிருந்தார்கள், காரணம் சொல்லாமலே சிலர் போயிருந்தார்கள். கடைசியில் வந்தவன் கனகராயன்குளத்துப் பெடியன். கட்டாரில் வேலை, தை மாதத்தோடு லீவு முடிகிறது. பெடியன் தங்கமானவன், தாய் விமலேஸ்வரிதான் சகுனப் பைத்தியம். பூனை குறுக்கே போனால் பஸ்ஸை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்புகிற மனுசி. “இந்தத் தை தப்பினால் நாங்கள் வேறை இடம் பாப்பம்” என்று பொம்பிளை பார்க்க வந்த அன்றே, கையில் தேத்தண்ணியை வைத்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போனவர்.

பந்தல் சோடிக்க ஆள் பிடிப்பதற்குக் கௌசலா விடவில்லை. பலூனையும் பிளாஸ்ரிக் பூவையும் அவளுக்குக் கண்ணில் காட்டக்கூடாது. எல்லாம் எங்கள் கையால்தான் என்று சிநேகிதி வினோஜாவையும் சேர்த்துக்கொண்டு விறாந்தை முழுக்கக் கடை பரப்பிவிட்டாள். சாயம் போட்ட பனையோலையில் கிளியும் விசிறியும் செய்தார்கள். சுளகுகளின் முதுகில் செம்மண் பூசி, மேலே அரிசிமாக் கரைசலால் கோலம் இழுத்தார்கள். மண்முட்டிகளுக்குச் சுண்ணாம்பு அடித்துக் காவியில் மயில் வரைந்தார்கள். மயில்கள் எல்லாம் கோழிக்குஞ்சு மாதிரித்தான் இருந்தன, ஒருவரும் அதைச் சொல்லவில்லை. கலியாணம் முடிந்ததும் அவற்றைக் கொண்டுபோய்த் தன் புது வீட்டுச் சுவரில் மாட்டுவதாக அவளுக்கு எண்ணம்.

“தோரணம் மட்டும் நீங்கதான், அப்பா. வேறை ஒருத்தரும் தொடக்கூடாது” என்று தகப்பனுக்கும் வேலை கொடுத்தாள். பரமலிங்கத்துக்குச் சந்தோசம் தாங்கவில்லை. ஊருக்கெல்லாம் மடித்த கை, தன் வீட்டு வாசலுக்கு மடிக்கப்போகிறது.

ஒரே குறை, கௌசலாவின் தம்பி சுகிர்தன் இல்லாததுதான். ஏஜென்சிக்காரன் ஒருவனை நம்பி ஆடி மாதம் புறப்பட்டவன் ரஷ்யாவில் இறங்கி, பெலருஸில் அலைந்து, போலந்து எல்லைக் காட்டுக்குள் நின்றான். கூடவே பரந்தன் பெடியன் ரஜிதனும் நின்றான். “அக்காவின்ர தாலிகட்டை நான் வீடியோவில பாப்பன். அதுக்கிடையில அங்கால போயிடுவன்” என்று கடைசியாகப் பேசியபோது சுகிர்தன் சொல்லியிருந்தான்.

கலியாணத்துக்கு மூன்று நாள் இருக்க, பரமலிங்கம் வயல் வரம்பில் நின்றபோது ரஜிதனிடமிருந்து அழைப்பு வந்தது. வெட்டு மெசின் பக்கத்து வயலில் இரைந்துகொண்டிருந்தது. ஒன்றும் விளங்காமல் அவர் வாய்க்கால் பக்கம் நடந்தார். நடந்திருக்க வேண்டாம் என்று பிறகு பலமுறை நினைத்தார், இரைச்சலுக்குள்ளேயே நின்றிருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் சுகிர்தனுக்குத் தகப்பனாக இருந்திருக்கலாம்.

“ஐயா, ஆத்தைக் கடக்கேக்கை தண்ணி சுகிர்தனை இழுத்துக்கொண்டு போட்டுது. நான்தான் கரைக்கு எடுத்தனான். உடம்பெல்லாம் குளிர்ந்துபோச்சு, ஐயா. ஆஸ்பத்திரியில வைச்சிருக்கினம்.”

“உயிர்?”

அந்தப் பெடியன் அழுதான். பிறகு, “படம் அனுப்பட்டோ, ஐயா?” என்று கேட்டான்.

“வேண்டாம்” என்றார் பரமலிங்கம். “தம்பி, மூண்டு நாளைக்கு ஒருத்தருக்கும் சொல்லாதை. உன்ர வீட்டுக்கும் சொல்லாதை” என்றார். தன் வாய்தானா இதைச் சொன்னது என்று அவருக்கே திகைப்பாக இருந்தது.

வரம்பில் குந்தியிருந்து அவர் யோசித்தார். இது வெளியே தெரிந்தால் கலியாணம் நிற்கும். ஆண்டுத் திவசம் முடியாமல் வீட்டில் ஒரு நல்ல காரியம் செய்ய ஏலாது. விமலேஸ்வரி ஒரு கிழமைகூடப் பொறுக்க மாட்டார். வரமுன்னமே தம்பியை விழுங்கினவள் என்று ஒரு பெயரும் வைத்துவிட்டுப் போவார், அந்தப் பெயரோடு கௌசலா இந்த வீட்டிலேயே நரைக்க வேண்டியதுதான். ஒரு பிள்ளை போய்விட்டது. மற்றப் பிள்ளையையும் தன் கையால் குழியில் தள்ளுவதா?

தூரத்தில் நடந்த சாவுக்குத் துடக்கு என்கிற தீட்டு, செய்தி காதில் விழுந்த நேரத்திலிருந்துதான். அவர் கேட்டுவிட்டார், அவருக்கு ஒட்டிவிட்டது. தாய்க்கும் தமக்கைக்கும் இன்னும் ஒன்றும் இல்லை. ஐயரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்றால், ஐயரின் காதிலும் விழுந்துவிடும். கடவுளிடம் கேட்கலாம், அவர் எப்போது பதில் சொல்லியிருக்கிறார்? பரமலிங்கம் வாய்க்காலில் முகத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

வீட்டில் மனைவி ஜெகதீஸ்வரி பின்னேரமானால் மகனுக்கு அழைத்துப் பார்ப்பாள். தொடர்பு கிடைக்காது. “காட்டுக்குள்ள சிக்னல் இல்லையாம். ரஜிதன் சொன்னவன்” என்று பரமலிங்கம் சொல்லிவைத்தார். சொன்ன பிறகு அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. கலியாண வீட்டுக்காரனுக்குப் பசிக்காதுதானே என்று வினோஜா பகிடி பண்ணினாள். பகிடிக்குச் சிரிக்கவும் வேண்டியிருந்தது.

கலியாணத்துக்கு முதல் நாள் மத்தியானம் குருத்தோலை வந்து இறங்கியது. பந்தல்காரர் மேலே வெள்ளைத் துணி கட்டிக்கொண்டிருந்தார்கள். சிநேகிதர் நல்லதம்பி ஈர்க்கு நீக்கிக் கொடுத்துவிட்டு, சனம் இருக்க வாடகைக் கதிரை ஏற்ற லொறியோடு போய்விட்டார். பரமலிங்கம் விறாந்தை மூலையில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்து மடிக்கத் தொடங்கினார். அந்த வேலைக்கு அவருக்கு யோசனை தேவையில்லை, கை தானே ஓடும். கை ஓடட்டும் என்று விட்டுவிட்டு மனம் அந்த ஆற்றங்கரைக்குப் போய்விட்டது. நீந்தத் தெரிந்த பிள்ளை. இரணைமடுக் குளத்தில் குதித்து விளையாடிய பிள்ளை. குளிரென்றால் என்னவென்றுதான் தெரியாது.

ஜெகதீஸ்வரி தேத்தண்ணி கொண்டு வந்தாள். கோப்பையைக் கீழே வைத்தவள் நிமிரவில்லை. குவியலிலிருந்து ஒரு தோரணத்தை எடுத்துப் பார்த்தாள். அதைப் போட்டுவிட்டு இன்னொன்றை எடுத்தாள். அடியில் கையைவிட்டு இன்னும் இரண்டு மூன்றை இழுத்தாள். எல்லாவற்றிலும் மூன்று குருவி. எல்லாம் தலைகீழ்.

அப்போதுதான் பரமலிங்கமும் பார்த்தார்.

ஒன்றிரண்டு என்றால் கைப்பிசகு என்று சொல்லலாம். குவியல் முழுக்க எப்படிப் பிசகும்? ஜெகதீஸ்வரி அவருடைய முகத்தைப் பார்த்தாள். இரண்டு நாளாக அவர் அவளுக்குக் காட்டாமல் ஒளித்துவைத்திருந்த முகம். இந்த மனுசன் தன்னை மறந்து மூன்று குருவி மடிக்கக்கூடியது யாருக்காக என்று அவளுக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அவள் முந்தானையை விரித்து அவ்வளவு தோரணத்தையும் அள்ளி மூடிக்கொண்டாள். “என்ன, அன்ரி?” என்று முற்றத்திலிருந்து வினோஜா கேட்க, “குப்பை, பிள்ளை” என்று சொல்லிவிட்டுக் குசினிக்குப் போய், பலகாரச் சட்டிக்குக் கீழே எரிந்த நெருப்பில் கொட்டினாள். பச்சை ஓலை புகைந்தது. கண்ணைக் கசக்க நல்ல சாட்டு.

பிறகு கிணற்றடியில் நின்று அவரைக் கூப்பிட்டாள்.

“ஜெகதீ...” என்று அவர் தொடங்கினார்.

“வாயைத் திறக்காதேங்கோ!” என்றாள். குரல் கீச்சிட்டது. வாளிக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “நான் ஒண்டும் கேள்விப்படேல்லை. உங்கட வாயால ஒரு சொல்லு வந்தாலும் எனக்குத் துடக்கு. நாளைக்குத் தாரை வாக்கேக்கை என்ர பிள்ளைக்கு ஒராளெண்டாலும் சுத்தமா நிக்கோணும்.”

அவர் தோள் சால்வையை எடுத்து வாயைப் பொத்தினார்.

“நீங்கள் அழவும் கூடாது. அழுதால் அதுவும் சொன்ன மாதிரித்தான்” என்றாள். “அவள் காரேறிப் போகட்டும். பிறகு நானே கேக்கிறன். நான் கேக்கேக்கை சொல்லுங்கோ.”

அவர் தலையாட்டினார்.

“வாங்கோ, வந்து நாலு மடியுங்கோ.”

இருவரும் விறாந்தையில் எதிரெதிரே இருந்தார்கள். அவர் மடிக்க, அவள் ஒவ்வொன்றாக வாங்கிக் குருவியை விரலால் தொட்டு எண்ணி, சரியென்றால் பக்கத்தில் வைத்தாள். சில தடவை அவருடைய கை மூன்றோடு நின்றுவிடும். அப்போது அவள் ஓலையைத் திருப்பிக் கொடுப்பாள். முட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த கௌசலா இதைப் பார்த்துவிட்டு, “பார், வினோஜா, வயசுபோன காலத்தில இவையின்ர சோடியை!” என்று சிரித்தாள். ஜெகதீஸ்வரியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது பரமலிங்கத்துக்கு மனைவியிடம் பயம் வந்தது. முப்பத்தைந்து வருசமாக இவளை அறிவேன் என்று நினைத்துக்கொண்டிருந்தது பொய்.

கலியாணம் குறையில்லாமல் நடந்தது. நான்கு குருவித் தோரணம் வாசலில் ஆடியது. கோழிக்குஞ்சு மயில்களோடு எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் காலைக் கழுவி அழைத்துவர வேண்டியவன் பொம்பிளையின் தம்பி, அந்த இடத்தில் பெரியப்பா மகன் ஒருவன் நின்று கழுவினான். மாப்பிள்ளை அவன் விரலில் மோதிரத்தைப் போட்டபோது பரமலிங்கம் வேறு பக்கம் பார்த்தார்.

“உங்கட மகன் வீடியோவில வாறதெண்டு சொன்னீங்கள், வரேல்லையோ?” என்று விமலேஸ்வரி கேட்டார். அவருக்கு அது ஒரு கதைக்குக் கேட்டதுதான்.

“அங்கை இன்னும் விடியேல்லை, சம்பந்தி” என்றாள் ஜெகதீஸ்வரி.

தாரை வார்க்கிற நேரம் மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் வைத்தார் பரமலிங்கம். ஜெகதீஸ்வரி தண்ணீர் வார்த்தாள். தண்ணீர் நூல் பிடித்ததுபோல ஒரே சீராக விழுந்தது. அவருடைய கைதான் கிடுகிடுவென்று ஆடியது. பொம்பிளையைக் கொடுக்கிற தகப்பனுக்கு நடுங்கும்தானே என்று ஐயர் சிரித்தார். துடக்கோடு இந்தக் காரியத்தில் கை வைக்கிறேன், பாவமென்றால் அது என்னோடு போகட்டும், பிள்ளையைத் தொடவேண்டாம் என்று அவர் உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டே இருந்தார்.

பின்னேரம் பொம்பிளையும் மாப்பிள்ளையும் கனகராயன்குளத்துக்குப் புறப்பட்டார்கள். கோலச் சுளகுகளும் ஓலைக் கிளிகளும் காரின் பின்பக்கத்தில் ஏறின. கௌசலா தாயைக் கட்டிப்பிடித்து அழுதாள். ஏறப்போனவள் திரும்பி வந்து, “அம்மா, தம்பி போன் எடுத்தால் உடன எனக்கு எடுக்கச் சொல்லுங்கோ. எவ்வளவு நேரமெண்டாலும் பரவாயில்லை” என்றாள்.

“ஓம், பிள்ளை. போட்டு வாங்கோ.”

கார் ஒழுங்கையால் திரும்பி மறைந்தது. சனம் மெல்ல மெல்லக் கலைந்தது. ஜெகதீஸ்வரி உடனே கேட்பாள் என்று பரமலிங்கம் காத்திருந்தார். அவள் கேட்கவில்லை. மிஞ்சிய சோற்றை அயலுக்குக் கொடுத்தனுப்பினாள். பெரிய சட்டிகளைத் தேய்த்துக் கவிழ்த்தாள். விறாந்தையைக் கூட்டினாள். பட்டுச் சேலையை மாற்றி, தலையிலிருந்த பூவைக் கழற்றிச் சாமிப் படத்துக்குக் கீழே வைத்தாள். வெளியே நல்லதம்பி மட்டும் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அதன் பிறகுதான் வந்து கணவனுக்கு முன்னால் நிலத்தில் இருந்தாள்.

“இப்ப சொல்லுங்கோ.”

அவர் சொன்னார். ஆற்றைச் சொன்னார், குளிரைச் சொன்னார். ரஜிதன் இழுத்துக் கரையில் போட்டதையும் ஆஸ்பத்திரியையும் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை, மறைக்கத் தெம்பும் இல்லை. அவள் பாடம் கேட்கிற பிள்ளை மாதிரி அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“முகம் பாத்தனீங்களோ?”

“படம் அனுப்பட்டோ எண்டு கேட்டவன். நான் வேண்டாமெண்டனான். எனக்கு ஏலாமல் போச்சு, ஜெகதீ.”

அவள் தலையை ஆட்டினாள். வீதிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“கார் மாங்குளம் தாண்டியிருக்குமோ?”

“தாண்டியிருக்கும்.”

“வடிவாத் தெரியுமோ?”

“ஓம். எப்பவோ தாண்டி, கனகராயன்குளத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.”

ஜெகதீஸ்வரி இரண்டு கையாலும் நெஞ்சில் அடித்து, “என்ர ராசா!” என்று கத்தினாள். கையிலிருந்த கதிரையைப் போட்டுவிட்டு நல்லதம்பி ஓடி வந்தார். கலியாணச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுப் போன அயல்சனம் ஒவ்வொருவராகப் படலையைத் திறந்துகொண்டு திரும்பி வரத் தொடங்கியது.