கை சொல்லும் முன்

ஸ்விங் என்பது மேற்கத்திய ஜோடி நடனம்; ஒற்றை ஆளாகச் சொல்லிக்கொடுக்கிற சங்கதி இல்லை. ஒருவர் கையால் கேட்பார், மற்றவர் உடம்பால் பதில் சொல்வார். டீச்சர் பதில் சொல்கிற பக்கம். கேட்கிற பக்கத்தில் இத்தனை வருஷமும் நெட்டையன் இருந்தான். போன மாதம் வேறு ஊரில் ஒரு ஆபீஸ் வேலையும் கல்யாணமும் ஒன்றாகக் கூடிவர, தன் ஷூப் பையைக்கூட எடுக்காமல் போய்விட்டான்.

வகுப்பு நடக்கும் ஹாலுக்குச் சொந்தக்காரம்மா கறாராகச் சொன்னார். "ஜோடி இல்லாம கிளாஸ் எப்படிம்மா நடக்கும்? இந்த வாரம் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து ஆடிக் காட்டு. இல்லேன்னா ஹாலை யோகாக்காரங்களுக்குக் கொடுத்துடுவேன்."

டீச்சரின் அக்காவுக்கு இது காதில் தேன். "விட்டுத் தள்ளுடி. நம்ம தையல் கடைக்கு வந்து பட்டன் வை."

"பட்டனோட ஆடச் சொல்றியா?"

"பட்டன் விட்டுட்டு ஓடாதுல்ல."

டீச்சர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரைப் பிடித்தாள். பழைய மாணவர். கூச்சக்காரர், ஆனால் தாளம் தப்பாதவர். பாட்டை அவளே தேர்ந்தெடுத்தாள். நெட்டையனோடு ஒவ்வொரு புது வகுப்பிலும் ஆடிக் காட்டிய பாட்டு. கைவசமானது, சறுக்காது என்று நினைத்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் சொந்தக்காரம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பாட்டு தொடங்கியதுதான் தாமதம், டீச்சர் சுழன்றுவிட்டாள். கண்ணாடிக்கடைக்காரர் இன்னும் கையைத் தூக்கவே இல்லை.

"நான் இன்னும் கேக்கலியே டீச்சர்."

"சாரி. மறுபடி."

ட்ரம்பெட் உயரும் இடத்தில் நெட்டையன் அவளை இடப்பக்கம் அனுப்புவான். கால் தானாக இடப்பக்கம் போனது. அவர் வலப்பக்கம் அழைத்துக்கொண்டிருந்தார். மோதியதில் அவருடைய மூக்குக்கண்ணாடி தரையில் விழுந்தது.

"கடையிலேயே வேற எடுத்துக்கலாம்," என்றார் சொந்தக்காரம்மா. யாரும் சிரிக்கவில்லை.

கண்ணாடிக்கடைக்காரர் குனிந்து எடுத்துத் துடைத்தார். "கை சொல்ற வரைக்கும் காத்திருன்னு நீங்கதானே சொல்லுவீங்க," என்றார், குற்றம் சொல்வது போலக்கூட இல்லாமல். "வேற பாட்டு போடுவோமா?"

போட்டார்கள். இந்த முறை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். காத்திருப்பதிலேயே உடம்பு விறைத்துப்போனது. அவர் கை கேட்டது. பதில் வரவில்லை. மரக்கட்டையைத் தள்ளுவது போல அவர் அவளை மெல்லத் திருப்பினார்.

சொந்தக்காரம்மா எழுந்தார். "எனக்கு ஆட்டம் தெரியாதும்மா. ஆனா அவர் பாவமா நிக்கிறாரு."

"கொஞ்ச நாள் பழகினா சரியாயிடுங்க," என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

"பழகட்டும், நல்லா பழகட்டும். யோகாக்காரங்க திங்கக்கிழமை வர்றாங்க."

டீச்சர் ஸ்பீக்கர் ஒயரைச் சுருட்டினாள். மூலையில் கிடந்த நெட்டையனின் ஷூப் பையையும் எடுத்துக்கொண்டாள். விட்டால் குப்பைக்குத்தான் போகும்.

தெருவில் நின்று அக்காவுக்குப் போன் போட்டாள். "நாளைக்குக் கடை திறப்பியா?"

அக்கா கிண்டல் பண்ணுவாள் என்று காத்திருந்தாள். அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு நின்றது.

"வா," என்றாள் அக்கா. "சாப்பிட்டியா?"

கிண்டல் பண்ணியிருந்தால் தாங்கியிருப்பாள்.